ஜாதகம் பொருந்துது, தீர்ப்புதான் பொருந்தல

போடுங்க தம்பி, போன்ல சும்மா போடுங்க. இங்கிலீஸ்ல கே போட்டு ஒரு புள்ளி, பெறவு மயில்வாகனன். பக்கத்துல சங்கரன்கோவில்னும் சேத்துக்கிடுங்க, இல்லேன்னா வேற எவனாவது வந்து நிப்பான். வந்துட்டா? மொத வரியே நாந்தான? பாத்தியளா! இந்த பஸ்ஸுல எத்தன பேரு இருக்காங்க, ஒருத்தர் பேராவது இப்படித் தட்டுன ஒடனே வருமா?

நீங்க என்னத்துக்கு நவுண்டு உக்காருதிய? அதுல 'தாக்கிக் காயப்படுத்திய வழக்கு'ன்னு போட்டிருக்கான், அதப் பாத்துட்டு நவுளுதியளோ. எல்லாரும் பண்ணுத தப்பு இதான். தலைப்ப மட்டும் பாப்பாங்க. உள்ள போங்க தம்பி. போயிக்கிட்டே இருங்க. கடைசிக்கு முந்துன பாரா இருக்குல்லா, அதுல விடுதலைன்னு இருக்கும். ஐகோர்ட்டு விடுதலை. எவன் அம்புட்டு தூரம் போறான்? அதான் எங்க வீட்டுல வந்த அம்புட்டு வெனைக்கும் காரணம்.

மதுரை வரைக்கும்தான போறிய? நானும் அங்கனதான். ஐகோர்ட்டு இருக்க ஒத்தக்கடையில எறங்கணும், வக்கீலம்மாவப் பாக்கணும். பொழுது இருக்கு, சொல்லுதேன்.

எங்கப்பா பேரு குமாரசாமி. நான் கு. மயில்வாகனன். எங்க வழக்கப்படி தாத்தா பேரு பேரனுக்கு. அதனால எம் மகன் ம. குமாரசாமி. அவனுக்குப் பொறந்த பயலுக்கு எம் பேரு. அப்ப அவன் யாரு? மறுபடியும் கு. மயில்வாகனன். இனிஷியல் கூட மாறாது தம்பி. எத்தனையோ தலைமொறையா குமாரசாமி, மயில்வாகனன், குமாரசாமி, மயில்வாகனன்னு ஓடுது. எங்க உரக்கடைக்கு வாற தபால யாரு பிரிக்கணும்னு அப்பப்ப ஒரு சண்டை வரும், அவ்வளவுதான். மத்தபடி அதுல ஒரு கொறையும் கண்டதில்ல.

ஒரே ஒரு சிக்கல். எங்க மருமக, பயலோட அம்மா, மாமனார் பேர வாயால சொல்ல மாட்டா. பள்ளிக்கூடத்துல சேக்கப் போன அன்னைக்கு டீச்சரு பையன் பேரென்னம்மான்னு கேட்டிருக்கு. இவ, மயிலு மேல வாறவரு பேருன்னு சொல்லியிருக்கா. டீச்சரு முருகன்னு எழுதிட்டு. பெறவு நான் போயி ஒரு சத்தம் போட்டுத்தான் திருத்துனேன். சத்தம்னா சத்தமில்ல, சும்மா மேசையத் தட்டுனேன். வீட்டுல அவன எல்லாரும் தம்பின்னுதான் கூப்பிடுவோம். ஆனா எம் பேரு அவங்கிட்ட இருக்குங்குற நெனப்பே எனக்குப் போதும்.

ஏ யப்பா, முன்சீட்டு! அந்தக் கண்ணாடியச் சாத்து. சாரலு அடிக்குல்லா. காத்து வேணுமா? காத்து வேணும்னா மொட்டமாடியில போயி உக்காரு, பஸ்ஸுல எதுக்கு ஏறுன? மொறைக்கத பாரு. சாத்துடே!

சாத்திட்டான். நான் கோவக்காரன் இல்ல தம்பி. ஊருல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

இப்ப கேஸுக்கு வாறேன். எந் தங்கச்சி மக கல்யாணம். நான் தாய்மாமன். தாய்மாமன்னா சபையில கால்மேல காலப் போட்டு உக்காந்திருக்கலாம். நான் அப்படியில்ல, வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு பந்தியில பரிமாறிக்கிட்டு இருக்கேன். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா ஒருத்தன், ஆறுமுகநயினார்னு பேரு. மூணு தடவ சாம்பார் வாங்குனான். போட்டேன். பெறவு அப்பளம் கேட்டான். அந்தப் பந்தியில அப்பளம் தீந்துட்டு, அடுத்த ஈடு பொரிச்சுக்கிட்டு இருக்கான். கொஞ்சம் பொறுங்கன்னு சொன்னேன். அதுக்கு அவன், ஒரு அப்பளம் போட வக்கில்லாத எடத்துல பொண்ணெடுத்துட்டமேன்னு பந்தி முழுக்கக் கேக்கத மாதிரி சொல்லுதான். எந் தங்கச்சி கதவோரம் நிக்கா. அவ மொகம் செத்துப் போச்சு தம்பி.

எங் கையில சாம்பார் வாளி. காலி வாளிதான், சாம்பார் பூரா அவன் எலையிலல்லா கெடக்கு. வாளி எங் கையில இருந்துச்சு, அவன் தலை அங்கன இருந்துச்சு. அவ்வளவுதான் நடந்தது.

தையல் போட்டாங்க. கேஸு போட்டாங்க. சங்கரன்கோவில் கோர்ட்டுல தண்டனை. திருநெல்வேலிக்கு அப்பீல் போனேன், அங்கயும் தண்டனை. மதுரைக்குப் போனேன். எங்க வக்கீலு கெட்டிக்காரரு, ஒரு விசயத்தப் புடிச்சாரு. புகாருல எழுதியிருக்கது பித்தளை வாளி. கோர்ட்டுல கொண்டாந்து வச்சிருக்கது எவர்சில்வர் வாளி! என்ன நடந்திருக்குன்னா, போலீஸு வாளியக் கேட்டப்ப தவுசுப்பிள்ளைக்கு, அதான் சமையக்காரருக்கு, மறுநாளு புளியங்குடியில ஒரு கல்யாண வேலை. சாம்பார் வாளியக் குடுத்துட்டா அங்க எதுல ஊத்துவாரு? பாயாச வாளியத் தூக்கிக் குடுத்துட்டாரு. சாட்சிக் கூண்டுல ஏறி, ஐயா இது என் பாயாச வாளில்லான்னு அவரே சொல்லியுமிருக்காரு. கீழ் கோர்ட்டுல ரெண்டுலயும் அத யாரும் கண்டுக்கல. ஐகோர்ட்டு கண்டுச்சு. சந்தேகத்தின் பலன எனக்குக் குடுக்கேன்னு ஜட்ஜையா தீர்ப்பு எழுதிட்டாரு. பலன்னா சும்மாவா? தகுதியில்லாதவனுக்குக் குடுப்பாங்களா?

ஆனா ஊரு நம்பல. ஆறுமுகநயினார் போற எடமெல்லாம், வாளிதான் தப்பு, ஆளு சரிதான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். எந் தங்கச்சி மக அந்த வீட்டுலதான் வாழுதா, நல்லா இருக்கா. என்னக் கண்டா மட்டும் மொகத்தத் திருப்பிக்கிடுவா. அவளுக்காகத்தான தூக்குனேன் வாளிய. அது அவளுக்குத் தெரியல, போகட்டும்.

இப்படி இருக்கைலதான் யாரோ ஒரு புண்ணியவான் பழைய தீர்ப்பையெல்லாம் நெட்டுல ஏத்திவிட்டான். எம் மகன் ஒருநா கடையில உக்காந்து எதையோ தேடுதான், எம் பேரு வந்து நிக்கி. எனக்கு வந்த சந்தோசத்தச் சொல்ல முடியாது. பெறவு யாரப் பாத்தாலும் இதான். சலூன்ல, டீக்கடையில, பேங்குல வரிசையில நிக்கையில, போடுங்க என் பேருன்னு சொல்லுவேன். உங்ககிட்ட சொன்ன மாதிரியே.

இது பேரன் கல்யாணப் பேச்சுல வந்து முட்டும்னு நான் கண்டனா?

பய பெங்களூருல வேலை பாக்கான். கூட வேலை பாக்க புள்ள ஒண்ணு, அபிராமசுந்தரின்னு, விருதுநகரு. ரெண்டு பேருக்கும் புடிச்சுப் போச்சு. நாங்களும் சரின்னுட்டோம். பொண்ணோட அப்பா ரிட்டயர்டு ரெவின்யூ இன்ஸ்பெக்டரு. எதையும் எழுத்துல பாத்தாத்தான் நம்புத மனுசன். மாப்பிள்ளை பேர நெட்டுல போட்டிருக்காரு. எது வரும்? இதான் வரும். கல்யாண வீட்டுல மாப்பிள்ளைக்குச் சித்தப்பா மண்டைய வாளியால ஒடச்ச கு. மயில்வாகனன்.

வருசத்தப் பாக்க வேண்டாமா தம்பி? அந்த வருசம் பய தொட்டில்ல கெடக்கான்! அதத்தான் எம் மகன் போன்ல சொன்னான். அப்படியா, அப்ப அது யாருன்னு அவரு கேட்டிருக்காரு. எங்கப்பான்னு இவன் சொல்லியிருக்கான். அவரு போன வச்சுட்டாராம்.

நேருல போயிப் பேசுவோம்னு விருதுநகருக்குப் போனோம். மனுசன் ஒரு கையில ஜாதகத்த வச்சிருக்காரு, இன்னொரு கையில என் தீர்ப்பு, பூராத்தையும் பிரிண்டு போட்டு. நாங்க உக்காந்ததும் சொல்லுதாரு: "ஜாதகம் பொருந்துது. தீர்ப்புதான் பொருந்தல."

நான் சும்மா இருப்பனா? "விடுதலை தீர்ப்பு சார் அது, கடைசிப் பக்கத்தப் படிங்க"ன்னேன்.

"படிச்சேன்யா. நீங்க அடிக்கலைன்னு அதுல எங்கயும் இல்லையே"ன்னாரு.

எனக்குச் சுர்ருன்னு வந்துட்டு. என்ன சார் ரெவின்யூ இன்ஸ்பெக்டரு, தமிழு தெரியுமா இங்கிலீஸு தெரியுமான்னு எந்திச்சேன். முன்னால காப்பித் தட்டு இருந்துச்சு, அது தானா கீழ விழுந்துட்டு. எம் மகன் என்னக் கூட்டிட்டு வெளிய வந்துட்டான். வண்டியில வரும்போது பய ஜன்னலுக்கு வெளியவே பாத்துக்கிட்டு வந்தான். திட்டுனாக்கூட தேவல.

அடுத்த மாசம் பய ஒரு வக்கீலம்மாவக் கூட்டிட்டு வந்தான். ஜெயசீலின்னு பேரு. மதுரையிலதான் பிராக்டீசு. இப்ப அவங்களத்தான் பாக்கப் போறேன். நல்ல தங்கமான புள்ள. தரையில உக்காந்து எனக்கு எல்லாத்தையும் வெளக்குச்சு. தீர்ப்பப் போட்டிருக்க வெப்சைட்டுக்காரனுக்கு எழுதியிருக்கு, அவன் கோர்ட்டு உத்தரவு கொண்டான்னுட்டான். தேடுத கம்பெனிக்காரனுக்கு எழுதியிருக்கு, அவன் உங்க கடிதத்துக்கு நன்றின்னுட்டான். அதனால ஐகோர்ட்டுலயே ஒரு மனுப் போடணும். விடுதலை ஆனவுக, பேர மறைச்சுக் குடுங்கன்னு கேக்கலாமாம். சில ஜட்ஜு சரிம்பாங்க, சில ஜட்ஜு தீர்ப்புன்னா ஊருக்குப் பொதும்பாங்க. போட்டுப் பாப்போம்னு சொல்லுச்சு. ஆனா கேஸு என் கேஸு. கையெழுத்து நாந்தான் போடணும்.

"மறைச்சுட்டு அந்த எடத்துல என்ன போடுவாங்கம்மா?"ன்னு கேட்டேன்.

"எக்ஸ்னு போடுவாங்கய்யா."

"எது, பள்ளிக்கூடத்துக் கணக்குல வருமே, அந்த எக்ஸா?"

"அதான்யா."

"எக்ஸ் விடுதலைன்னு போட்டா, அது நாந்தான்னு ஆறுமுகநயினாரு நம்புவானா?"

எம் மகன் இடையில புகுந்து, "எப்பா, அவரு செத்து நாலு வருசமாச்சே"ன்னான்.

செத்தா என்ன? அவன் மகன் இருக்கான்லா? நான் போட மாட்டேன்னுட்டேன். நீங்களே சொல்லுங்க தம்பி, மூணு கோர்ட்டு ஏறி வாங்குன விடுதலைய எங் கையாலயே அழிக்கச் சொல்லுதாங்க. இத்தன வருசத்துல என்னைய நல்லவன்னு எழுதிக் குடுத்தது அந்த ஒரு காயிதம்தான். பொண்டாட்டி கூடச் சொன்னதில்ல.

மருமக ரெண்டு நாளு சாப்பிடல. மகன் கடையில எங்கூடப் பேச மாட்டான், யூரியா எத்தன மூடைன்னு கேட்டா வெரலக் காட்டுவான். நான் அசையல. பய மட்டும் கோவிக்கல. சரி தாத்தா, உங்க இஷ்டம்னுட்டு பெங்களூரு பஸ் ஏறிட்டான்.

பெறவு ஒருநா வந்து நிக்கான். தாத்தா, எண் கணித சோசியரப் பாத்தேன், என் பேரு கூட்டுத்தொகை சரியில்லையாம், அதான் கல்யாணம் தட்டுதாம், பேர மாத்தச் சொல்லிட்டாருங்கான். கெசட்டுல போட்டே மாத்திட்டான். மிதுன். இப்ப அவன் கு. மிதுன். வாயில நிக்குதா தம்பி உங்களுக்கு? எனக்கு நிக்கல. படிச்ச பய, கம்ப்யூட்டரு வேலை பாக்க பய, போயும் போயும் நம்பரக் கூட்டிப் பாத்து பேர மாத்துதானேன்னு ஊரு பூராவும் திட்டிட்டுத் திரிஞ்சேன். எங்கப்பனுக்கு அப்பன் காலத்துப் பேருலே அது, எவனோ ஒருத்தன் ஆயிரம் ரூவாய வாங்கிட்டு ராசியில்லைங்கான், நீயும் தலையாட்டிட்டு வாறியேன்னு அவங்கிட்டயும் கத்துனேன். அவன் தலையக் குனிஞ்சு கேட்டுக்கிட்டான்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டரு புதுப்பேர நெட்டுல போட்டுப் பாத்திருக்காரு. எவன் எவனோ மிதுன் வாறான், இவன் வரல. சுத்தமான பையன்னு சந்தோசமா நிச்சயத்துக்குத் தேதி குறிச்சுட்டாரு. அதே பய தம்பி! அதே மூக்கு, அதே முழி. அவருக்கும் அது தெரியும். ஆனா எழுத்துல இல்லைல்லா.

நான் கூட ஒரு வகையில செயிச்சுட்டோம்னுதான் நெனச்சேன். இப்ப நெட்டுல அந்தப் பேருக்கு நான் ஒருத்தன்தான, போட்டிக்கு ஆளில்ல.

ஆனா ஒண்ணு சொல்லுதேன், உங்ககிட்ட என்ன ஒளிவு மறைவு. அந்தப் பய சின்ன வயசுல இருந்து பொய் சொன்னா எடது காது மட்டும் செவந்துரும். மருந்து குடிச்சியாலேன்னா குடிச்சேம்பான், காது செவந்துரும். எண் கணிதம்னு சொன்னானே, அன்னைக்கு அந்தக் காதப் பாத்தேன். மொளகாப் பழம் மாதிரி இருந்துச்சு. பாத்துட்டும், எண் கணிதக்காரனத்தான் திட்டுனேன். வேற யாரத் திட்ட?

பெறவு பத்திரிகை அச்சடிக்கக் குடுத்தாங்க. எங்க பக்கம் வழக்கம் என்னன்னா, இன்னார் பேரனும் இன்னார் மகனுமாகியன்னு தாத்தா பேரு மேல வரும். பொண்ணு வீட்டுல, பத்திரிகை பத்து எடத்துக்குப் போகும், எவனாவது அந்தப் பேரயும் தட்டிப் பாத்தா நல்லாருக்காது, தாத்தா பேரு மட்டும் வேண்டாமேன்னு சொல்லியிருக்காங்க. எம் மகன் சரின்னுட்டான், அவன் எப்பவும் சரிதான். பய ஒத்துக்கிடல. தாத்தா பேரு இல்லேன்னா பத்திரிகையே வேண்டாம், கல்யாணமும் அப்பறம் பாத்துக்கிடலாம்னுட்டானாம். இது எனக்கு யாரும் சொல்லல. எங்க மருமக அடுப்படியில அவ அக்காகிட்ட போன்ல சொல்லிட்டு இருந்தா. அதுலயும் எம் பேரு வாற எடத்துல, அவுக பேரு, அவுக பேருன்னுதான் சொல்லுதா.

இந்தா பாருங்க பத்திரிகை. மேல பாருங்க. சங்கரன்கோவில் திரு. கு. மயில்வாகனன் அவர்களின் பேரனும். பெரிய எழுத்துல போட்டிருக்கான். பேர விட்டுட்டான் தம்பி, என்னைய விடல. ராத்திரியெல்லாம் அழுதேன்னே வச்சுக்கிடுங்க, யாருக்குச் சொல்ல வெக்கம்?

அதான் வக்கீலம்மாவப் பாக்கப் போறேன். கையெழுத்துப் போட. வீட்டுல யாருக்கும் தெரியாது, உரக் கம்பெனி மீட்டிங்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். எங் காதெல்லாம் செவக்காது.

இனிமே போட்டு என்ன, அவந்தான் பேர மாத்திட்டானேன்னு கேக்கிய. வக்கீலம்மாவும் போன்ல அதத்தான் கேட்டுச்சு. அவன் மாத்திட்டான். நாளைக்கு அவனுக்கு ஒரு மகன் பொறப்பான், அந்த மகனுக்கு ஒரு மகன் பொறப்பான். எவனாவது ஒருத்தனுக்குப் பழைய பேரு வைக்கணும்னு ஒரு ஆசை வந்தா? போட்டுப் பாப்பான்லா. வாளி வந்து நிக்கக் கூடாது. பேரக் கழுவிக் கவுத்தி வச்சுட்டுப் போயிரணும், வேணுங்குறவன் எடுத்துக்கிடட்டும். எக்ஸு வாங்குன விடுதலைய எக்ஸே வச்சுக்கிடட்டும்.

இதுல ஒரு கூத்து. மறைக்கச் சொல்லி மனுப் போட்டா, அந்த மனுவும் எம் பேருலதான் நெட்டுல வருமாம். அதையும் சேத்து மறைக்கச் சொல்லிக் கேக்கணுமாம். ஜட்ஜையா மாட்டேன்னுட்டா ரெண்டு எடத்துல வருவேன். வந்தா வரட்டும், திரும்பப் போடுவோம்.

கண்டக்டரு என்ன சொல்லுதாரு? ஒத்தக்கடைக்கு முன்னால வாசப்படிக்கு வந்துரணுமா? ஏ, எனக்குத் தெரியும்யா, மூணு கோர்ட்டு ஏறுனவன் நான். என்ன சிரிப்பு அங்க? வாளித் தாத்தாவா? எவன்லே அது சொன்னது? முன்சீட்டா? நீ எறங்குலே, உன்ன வந்து கவனிக்கேன்.

விடுங்க தம்பி. கைய விடுங்க, நான் எந்திக்கல. இதெல்லாம் யாருகிட்டயும் சொல்லிராதிய, என்ன? வீட்டுக்குத் தெரிஞ்சா பய சங்கடப்படுவான்.

எறங்குததுக்கு மின்னால ஒரு உபகாரம். அந்தத் தீர்ப்பு இன்னும் போன்ல இருக்கா? கடைசிக்கு முந்துன பாராவ ஒரு தடவ படிங்க. இங்கிலீஸ்லயே படிங்க. எனக்குப் புரியாட்டியும் அந்த ஓசை தெரியும். எத்தன பேரப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன்! இனிமே யாரயும் படிக்கச் சொல்ல முடியாதுல்லா.

மெதுவா. பஸ்ஸு எரைச்சலு, காதுல விழல. ஆங், இப்ப விழுது. அதான், பலன் வாற எடம்.

நிறுத்துங்க தம்பி, நடுவுல ஒண்ண முழுங்கிட்டிய. மொதல்ல இருந்து வாங்க. பேரயும் சேத்துப் படிங்க.